பழைய பகைவர்கள் கூட்டணி பேசும் காட்சியை நம்பும்படி எழுதுவது எப்படி?

விண்வெளிப் போர்க்கதையில் நேற்றுவரை மோதிய இரண்டு பேரரசுகள், மூன்றாவது எதிரி வந்ததும் கைகோர்ப்பதை எப்படி நம்பவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பொது எதிரி அவர்களை மேசைவரை கொண்டுவருவான், அவ்வளவுதான். மீதியெல்லாம் பேரம்.

1941-ஐப் பாருங்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் சோவியத் யூனியன் போலந்தின் கிழக்குப் பகுதியைப் பிடித்திருந்தது. ஜெர்மனி சோவியத்தைத் தாக்கிய சில வாரங்களில், ஜூலை 30 அன்று, லண்டனில் சோவியத்தும் அங்கே தஞ்சமடைந்திருந்த போலந்து அரசும் ஒப்பந்தம் போட்டன. சோவியத் முகாம்களில் இருந்த போலந்துக்காரர்களை விடுவிப்பது, அங்கேயே ஒரு போலந்துப் படை திரட்டுவது என்று முடிவானது. எல்லை எங்கே என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லாமல் விட்டார்கள். அதனால் கொதித்துப்போய் போலந்து அமைச்சர்கள் சிலர் பதவி விலகினார்கள். சோவியத் போலந்து அதிகாரிகளைக் கொன்று புதைத்த கத்தீன் காட்டுப் படுகொலை 1943-இல் வெளிவந்ததும் உறவே முறிந்தது.

கைதிகள், எல்லை, சொந்தத் தரப்புக்குள்ளேயே எதிர்ப்பு, மூடி மறைத்த குற்றம்: உங்கள் காட்சிக்கும் இவைதான் பேரப் பொருட்கள். நானாக இருந்தால் கைதிகளில் தொடங்குவேன். தூதர் பெயர்ப்பட்டியலை நீட்டுகிறார். எதிரே இருப்பவர் அதில் தன் மகளின் பெயரைத் தேடுகிறார், இல்லை. ஆனாலும் அவர் அடுத்த நிபந்தனைக்குப் போயாக வேண்டும்.

அப்புறம், கூட்டுப்படைக்கு யார் தளபதி? நம் கப்பல்களின் அடையாளக் குறியீடுகளை அவர்களிடம் கொடுப்பதா? இதில் ஒன்றையாவது பேச்சு முறியும் நிலைவரை இழுங்கள். தனியாகச் சமாதானம் பேசமாட்டோம் என்ற உறுதிமொழியும் வேண்டும். பிரிட்டனும் சோவியத்தும் 1941 ஜூலை 12-இல் அதைத்தான் எழுதிக்கொண்டன.