சைக்கிளும் மலையேற்றமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சில வருடங்களாகச் சமவெளியில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். ஒரு நாளில் 80 கிலோமீட்டர் எனக்குப் பெரிய சிரமமில்லை. ஆனால் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும் சாலையில் ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது. மேடும் பள்ளமுமான மலைக் கிராமங்கள் வழியே, வண்டி அதிகம் வராத சாலைகளாகப் பார்த்து, நானும் மனைவியும் நான்கைந்து நாள் போய்வர நினைக்கிறோம். நண்பர்கள் தடுக்கிறார்கள். பெரிய சாலையிலேயே போ, ஏற்றம் குறைவு, ஏதாவது ஒன்று என்றால் உதவிக்கு ஆள் இருக்கும் என்கிறார்கள். சின்ன கியரில் ஏறுவதும், இறங்கித் தள்ளுவதும் சைக்கிள் ஓட்டுவதில் சேர்த்தியே இல்லை என்கிறார் ஒருவர். எனக்கு வயது 48. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

தாராளமாகப் போய் வாருங்கள்.

பெரிய சாலையில் ஏற்றம் குறைவு என்று உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மைதான். மலைப்பகுதியில் ஆற்றை ஒட்டிப் பள்ளத்தாக்கின் அடியிலேயே போகும் தடம்தான் எல்லா வண்டிக்கும் வசதி, அதனால் அதை நெடுஞ்சாலை முதலில் பிடித்துக்கொண்டுவிடும். மிச்சமிருக்கும் சின்னச் சாலைகள் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மேடேறி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்குபவை, அவசரமாகப் போகிற யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அங்கே வண்டி இல்லாததற்குக் காரணமே அந்த ஏற்றம்தான். ஏற்றம் வேண்டாம், அமைதி மட்டும் போதும் என்றால் பெரும்பாலும் கிடைக்காது. புதிய சாலை போட்டபின் பக்கத்திலேயே மறக்கப்பட்டுக் கிடக்கும் பழைய சாலையும், சைக்கிள் பாதையாக மாற்றப்பட்ட பழைய ரயில் தடமும் இதற்கு விலக்கு. சாதாரண ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, அந்தத் தடங்கள் 100 மீட்டர் தூரத்துக்கு 2, 3 மீட்டருக்கு மேல் உயர்வது அபூர்வம். அப்படி ஒன்று உங்கள் வழியில் இருந்தால் விடாதீர்கள்.

மற்றபடி ஏறத்தான் வேண்டும். அதற்கு உங்கள் 80 கிலோமீட்டர் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். மலையில் நேரத்தைத் தீர்மானிப்பது உயரம். நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பந்தயக்காரர் அல்லாத, ஆனால் ஓட்டிப் பழகிய ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து 100 வாட் அளவுக்கு மிதிக்கலாம். அந்தச் சக்தி முழுவதும் ஏறுவதற்கே போனாலும் ஒரு மணி நேரத்தில் சுமார் 400 மீட்டர்தான் உயர முடியும், டயர் உருளும் தடையைக் கழித்தால் இன்னும் குறையும். அதாவது நாள் முழுக்க 1000 மீட்டர் ஏற்றம் இருந்தால், ஏறுவதற்கு மட்டுமே மூன்று மணி நேரம் போய்விடும். முதல் பயணத்தில் நாளுக்கு 40 கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம் என்று போடுங்கள். மீதிப் பொழுதில் உட்கார்ந்து பார்க்க நிறைய இருக்கும், அதற்காகத்தானே போகிறீர்கள்.

வழித்தடம் போடும் ஆப் சொல்லும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அவற்றில் பலவும் நம்பியிருப்பது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த தரவை. கிட்டத்தட்ட 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்த அளவு அது. சரிவை வெட்டிப் போட்ட சாலையில் கட்டம் கொஞ்சம் தள்ளி விழுந்தால் இல்லாத மேடுபள்ளம் வரைபடத்தில் முளைக்கும். உண்மையிலேயே இருக்கும் 50 மீட்டர் செங்குத்து மேடோ காணாமல் போகும். சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாலை அந்தக் கோடுகளோடு சேர்ந்தே வளைந்து போனால் நிம்மதி. கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் மூச்சு வாங்கும்.

அப்புறம் அந்தச் சின்ன கியர் விஷயம். உங்கள் நண்பரின் கருத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சும் கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எண்ணியவர். அந்தப் பந்தயத்தில் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் அமைப்புக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் மறுபக்கத்தில் இருக்கும் பெரிய பற்சக்கரத்தில் செயின் விழும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். முழங்காலுக்கு அந்தப் பிடிவாதத்தால் ஒரு நன்மையும் இல்லை. முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வந்துவிடும், 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைத் தொடர 150 வாட்டுக்கு மேல் வேண்டும். முன்னால் 24 பல் போட்டால் அதே மிதியில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம், ஏறக்குறைய நம் 100 வாட்டிலேயே அடங்கிவிடும். சைக்கிளுக்குச் செலவழிக்க உங்களிடம் இருக்கும் பணத்தை முதலில் இந்தப் பற்சக்கரத்தில் போடுங்கள். அதற்கும் மேல் செங்குத்தாக வந்தால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளும் வேகமும் அந்த இடத்தில் ஏறக்குறைய அதேதான், கால் தசைக்கும் ஒரு மாற்றம்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலை அங்கேதான். 90 கிலோ எடை 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 440 கிலோஜூல், அதை வாங்கிக்கொள்ளக் காற்றும் பிரேக்கும்தான் இருக்கின்றன. பயத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் காற்றின் பங்கு கிட்டத்தட்ட இல்லாமல் போய், வெப்பம் முழுவதும் ரிம்மில் இறங்கும். டியூப் வெடிக்கும் அளவுக்குக்கூட ரிம் கொதிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் பிடிமானம் குறையும். ஆகவே வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைந்து, மறுபடி பிடியுங்கள். நீளமான இறக்கமென்றால் நடுவில் நின்று ஆறவிடுங்கள். அந்த இடைவெளியில் பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மழையிலும் மண்ணிலும் ஒரே நாளில்கூடப் பாதி தேயும். மாற்றுக் கட்டை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

வண்டி வராத சாலையில் மண்ணும் சருகும் வளைவின் உட்புறத்தில்தான் சேரும், கூட்டித்தள்ள டயர்கள் அங்கே ஓடுவதில்லை. மழை நின்று ஒரு நாளான பிறகும் வெட்டிய சரிவிலிருந்து தண்ணீர் கசிந்து, அந்த வளைவில் மட்டும் பாசி பிடித்திருக்கும். எதிரே சாலை எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் மட்டும் இறங்குங்கள். மறைவான வளைவில் ஓரத்தோடு ஒட்டிப் போகாமல் கொஞ்சம் சாலையின் நடுப்பக்கமாகத் தள்ளி ஓட்டினால் பின்னால் வருபவர் கண்ணில் சீக்கிரம் படுவீர்கள். ஏறும்போது கொண்டை ஊசி வளைவின் உட்புறம் மிகச் செங்குத்து, சாலை காலியாக இருந்தால் அகலமாக எடுத்துத் திரும்புங்கள். உச்சியில் வியர்வையோடு இறங்க ஆரம்பித்துவிடாதீர்கள். 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி குறையும், அதோடு எதிர்காற்றும் சேரும். ஜாக்கெட்டை உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

உதவிக்கு ஆள் இருக்காது என்பது நியாயமான கவலை. ஆனால் பெரிய சாலையில் உங்களுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து அங்கே ஓடும் வண்டிகளேதான், சின்னச் சாலையில் நேர்வது பஞ்சரும் அறுந்த செயினும். இவற்றை நீங்களே சரிசெய்யலாம்: மாற்று டியூப் இரண்டு, பம்ப், டயர் கழற்றும் நெம்பி, செயின் உடைக்கும் கருவி, ஒரு செயின் இணைப்பு. வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள், மனைவியும் பழகட்டும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொண்டு, அன்றைய வழியையும் போய்ச்சேரும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்றத்தில் உங்கள் இருவரில் மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போய் உச்சியில் காத்திருந்தால் அவருக்கு ஓய்வு கிடைக்கும், பின்னால் வருபவர் சேர்ந்ததுமே உடனே கிளம்ப வேண்டிவரும். இரண்டாம் நாளே சண்டை வரும். பையின் கனத்தில் கூடுதல் பங்கை வேகமானவர் வாங்கிக்கொள்வதும் நல்லது.

வழித்தடத்தைப் போட்டு முடித்ததும் அனுப்புங்கள், ஏற்றங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்