சிறையில் இருக்கும்போதே ஹெப்படைடிஸ் சி நோய்க்கு மருந்து எடுக்கலாமா?

விளக்கமறியலில் இருக்கும் தம்பிக்கு, ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெப்படைடிஸ் சி என்கிறார்கள், விடுதலையாகும்வரை பொறுத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுத்திருக்க வேண்டாம். அங்கேயே தொடங்கும்படி கேளுங்கள்.

என் அண்ணா கொழும்புச் சிறை ஒன்றில் விளக்கமறியலில் இருந்தவர். உள்ளே பச்சை குத்திக்கொண்டார்; அந்த ஊசி எத்தனை பேரைக் குத்திவிட்டு வந்ததோ. செய்தி தெரிந்ததும், கொட்டாஞ்சேனையில் அம்மா அவருடைய பீங்கானையும் தேநீர்க் கோப்பையையும் தனியே எடுத்து வைத்துவிட்டார். ஒரே பீங்கானில் சாப்பிடுவதால் இது தொற்றாது என்று அவருக்குப் புரியவைக்கவே நாட்கள் பிடித்தன. இரத்தத்தின் வழியாகத்தான் பரவும். ஊசிக்கும் சவர பிளேடுக்கும்தான் பயப்பட வேண்டும்.

தம்பிக்கு எந்தப் பரிசோதனை செய்தார்கள்? பிறபொருளெதிரிப் பரிசோதனை (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளைத் தேடுவது) மட்டும் போதாது; அது எப்போதாவது தொற்றியதா என்றுதான் காட்டும். தொற்றியவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு ஆறு மாதங்களுக்குள் வைரஸ் தானாகவே நீங்கிவிடும். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் இப்போது வைரஸ் இருக்கிறதா என்று சொல்லும். ஹெப்படைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் 48 வாரங்கள்வரை இன்டர்ஃபெரோன் ஊசி போட்டு, காய்ச்சலிலும் சோர்விலும் கிடக்க வேண்டும். இப்போது சொஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று, 12 வாரங்கள். 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நான்கு சிறைகளில் பரவலாகச் சிகிச்சை கொடுத்தபோது, புதிய தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகள் சொல்கின்றன. தயங்காமல் கேளுங்கள்.

நாங்கள் தடுமாறியது பிணை கிடைத்த அன்று. உள்ளே மருந்து தொடங்கி ஏழாவது வாரம். வாசலில் வந்து நின்ற அண்ணாவின் கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு சேட்டும் செருப்பும். மாத்திரைப் போத்தல் உள்ளேயே தங்கிவிட்டது. அதை மீட்க மூன்று நாட்கள் அலைந்தோம். ஆகவே, மருந்தின் பெயர், தொடங்கிய திகதி, மிச்ச மாத்திரைகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய கடிதம் ஒன்றைச் சிறை வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சட்டத்தரணிக்கும் சொல்லி வையுங்கள்.

மருந்து முடிந்து 12 வாரங்களின் பின் மீண்டும் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். அண்ணாவுக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. குணமான பிறகும் பிறபொருளெதிரி இரத்தத்தில் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதால், அந்த அறிக்கையை கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வைத்திருக்கிறார்.