நமீபியாவில் 20 நாள்

அன்புள்ள ஐயா,

உங்கள் ஆப்பிரிக்கப் பயணக் குறிப்புகளைப் படித்ததிலிருந்து எனக்கும் நண்பருக்கும் அதே நினைப்புதான். வருகிற ஜனவரியில் 20 நாள் விடுப்பு. கேப் டவுனில் வண்டி எடுத்து நமீபியா, போட்ஸ்வானா, விக்டோரியா அருவி எல்லாம் பார்த்துவிட்டு ஜோகன்னஸ்பர்க்கில் விடுவதாகத் திட்டம். சுமார் 5,000 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 250தானே, கோவையிலிருந்து மதுரை போகிற தூரம்தானே என்று நினைக்கிறோம். நல்ல படங்கள் எடுப்பதுதான் நோக்கம். என்ன லென்ஸ் கொண்டுபோகலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

லென்ஸைக் கடைசியில் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் உங்களுக்குப் படம் கிடைக்காது, ஓட்டிய களைப்புதான் மிஞ்சும். நான்கு நாடுகளில் மூன்றை விட்டுவிடுங்கள். நமீபியா மட்டும் போதும். தலைநகர் வின்ட்ஹூக்கில் வண்டி எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

அங்கேயும் இடதுபக்க ஓட்டம்தான், அதனால் நமக்குத் தைரியம் வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் மண்ணும் ஜல்லியுமான சாலை, அலை அலையாக வரிவிழுந்து கிடக்கும். நான் முதல் தடவை போனபோது சொலிடேரிலிருந்து வால்விஸ் பே போகும் சி14 சாலையில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. வாடகைக்காரர்கள் கொடுத்த ஸ்டெப்னியில் பாதிக் காற்றுகூட இல்லை, ஜாக்கிக்குக் கைப்பிடி பொருந்தவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்த ஒரு பெரியவர் தன் வண்டியிலிருந்த பம்பை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றினார். ஆகவே வண்டியை வாங்கும்போதே ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள், இரண்டு கேளுங்கள். ஜல்லிச் சாலையில் காற்றை 26 பாயிண்டுக்குக் குறைத்து, 80ஐத் தாண்டாமல் போங்கள்.

ஜனவரியும் வேண்டாம். அது மழைக்காலம். எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் சிதறிவிடும், புல்லும் உயர்ந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் காடு காய்ந்து, ஊற்றுகளைத் தேடி அவை வந்தாக வேண்டும். போட்ஸ்வானாவைக் கைவிட மனம் வராது, தெரியும். அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, உள்ளூரில் சொட்டு மழையில்லாத ஜூன், ஜூலையில் அங்குள்ள ஒகவாங்கோ சதுப்புநிலத்தை நிரப்புகிற அதிசயம் அது. அதற்கென்று தனியாக ஒரு முறை போங்கள்.

நமீப் பாலைவனப் பூங்காவின் வாசலான செஸ்ரிமில் நான்கு இரவாவது தங்குங்கள், அதுவும் பூங்கா வாசலுக்கு உள்ளே இருக்கும் முகாமில். விடியும் முன்பே கிளம்ப விடுவார்கள். 60 கிலோமீட்டர் தார்ச்சாலை, கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல், அப்புறம் டெட்ஃப்ளே என்ற காய்ந்த களித்தரைக்கு நடை. அங்கே நிற்கும் மரங்கள் நம்மூர் கருவேலத்தின் உறவு. மணல்மேடுகள் ஆற்றின் வழியை அடைத்ததால் பட்டுப்போய் 600 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மட்குவதற்குக்கூட ஈரமில்லாமல் வெயிலில் கறுத்து நிற்கின்றன. சூரியன் எழும்போது பின்னாலிருக்கும் மணல்மேடு முதலில் பற்றிக்கொள்ளும், வெள்ளைக் களித்தரை மட்டும் இன்னும் நிழலில் இருக்கும். அந்தச் சில நிமிடம்தான். முதல் நாள் எனக்கு எங்கே நிற்பது என்றே புரியவில்லை. மூன்றாம் நாள்தான் படம் அமைந்தது.

எட்டோஷா வனவிலங்குப் பூங்காவுக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஒகாகுவேயோ முகாமில் தாழ்ந்த கற்சுவருக்கு அப்பால் ஊற்று, இரவு முழுக்க விளக்கு. ஒரு நாள் பதினொரு மணிக்குக் கருப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம், அது தண்ணீரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. குடிக்கும்போது அசையாமல் நிற்கும், ஐஎஸ்ஓ 3200 வைத்துப் பொறுமையாக எடுக்கலாம். ஒரு வேண்டுகோள்: அந்தப் படங்களை இணையத்தில் போடும்போது இடம் காட்டும் தகவலை நீக்கிவிடுங்கள். கொம்புக்காகக் கொல்பவர்கள் அதையும் பார்க்கிறார்கள்.

சரி, லென்ஸ். தூரத்து விலங்குகளுக்கு ஒரு 100-400 மி.மீ., அகன்ற காட்சிக்கு ஒரு வைட். தூசி கடுமை, ஆளுக்கொரு கேமராவில் மாட்டிவிட்டு மாற்றாமலே இருங்கள். எட்டோஷாவில் முகாமுக்கு வெளியே வண்டியை விட்டு இறங்கக்கூடாது, பகலில் டிரைபாடுக்கு வேலையில்லை. ஒரு துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய், வின்ட்ஹூக்கில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். அதைக் கதவுக் கண்ணாடிமேல் போட்டு லென்ஸை அழுத்தி வையுங்கள், இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஒகாகுவேயோவில் அறை சீக்கிரம் நிரம்பிவிடும். முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு, மற்ற தேதிகளை அதற்குத் தக்கபடி வைத்து எனக்கு எழுதுங்கள்.