மழையில் திக்கும் பழைய சான்ட்ரோ: ஈ.சி.எம். மாற்றும் முன் பிளக் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2011 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏ.சி. போட்டு மேடேறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் திக்கித் திக்கி இழுக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் அதிகம். சமதளத்தில் ஒன்றும் தெரிவதில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோனால் சாதுவாக நிற்கிறது. செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. ஒரு மெக்கானிக் ஈ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். அடுத்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். என்ன செய்யலாம்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டு பேரிடமும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். மழை, மேடு, ஏ.சி. என்று நீங்களே மூன்று தடயங்களைச் சொல்லிவிட்டீர்கள். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: பொறி கொடுக்கும் பிளக், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் ஒயர், அந்த மின்சாரத்தின் வோல்டேஜைக் கூட்டும் காயில்.

சும்மா ஓடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, பிளக் நுனியிலுள்ள இடைவெளியைப் பொறி எளிதாகத் தாண்டிவிடும். மேட்டில் மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அதே இடைவெளியைத் தாண்டக் காயில் அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டும். 20,000 வோல்ட்டையும் தாண்டும் அந்த மின்சாரம் ஒயரின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பிளக் வரை போகாமல் அங்கேயே எஞ்சின் உடம்பில் இறங்கிவிடும். அந்த முறை பெட்ரோல் எரியாது. அதைத்தான் நீங்கள் திக்கலாக உணர்கிறீர்கள். ஈரம் பட்டால் கசிவு இன்னும் சுலபம். ஷெட்டில் ஐடிலிங்கில் (மிதிக்காமல் சும்மா ஓடவிட்டு) நிற்கும் காய்ந்த வண்டியில் இது தெரியாமல் போவதும் இதனால்தான்.

விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நம் நாட்டில் மிஸ்ஃபயரை, அதாவது பெட்ரோல் எரியாமல் போவதை, வண்டியே கண்காணிக்கும் ஓ.பி.டி. 2 முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. ஸ்கேனரை மாட்டி "எரர் கோட் எதுவும் வரவில்லை, அதனால் ஈ.சி.எம்.தான்" என்று சொல்பவரிடம், ஈ.சி.எம்.மில் எந்த ஒயரை அளந்தீர்கள், என்ன வோல்டேஜ் வந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழைய கார்களில் ஈ.சி.எம். மாற்றுவது இன்று ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. உடைப்புக் கடையில் எடுத்த பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவருவார்கள். மாட்டும் சாக்கில் காயில் கனெக்டரைக் கழற்றித் துடைப்பதால் நாலு நாள் வண்டி நன்றாக ஓடும். அடுத்த மழையில் பழைய குருடி கதவைத் திறடி.

முதல் சோதனையை நீங்களே செய்யலாம். இரவில் இருட்டான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறங்கள். துணி தேய்க்கப் பயன்படும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, பிளக் ஒயர்கள் மேலும் காயில் மேலும் பனிபோல லேசாக அடியுங்கள். கசிவு இருந்தால் ஒயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலக் கோடு பாயும், டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். ஓடும் எஞ்சினில் ஒயரைக் கையால் தொடாதீர்கள். பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். உங்களுக்கு ஷாக், காயிலுக்குச் சாவு. வேட்டி முனை, துண்டு, வளையல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் சுற்றத் தொடங்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் பக்கத்திலேயே வர வேண்டாம்.

அடுத்தது பிளக். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். பிளக் உட்காரும் ஹெட் (எஞ்சினின் மேல் பாகம்) அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் எழுதி வையுங்கள். எல்லோரும் நுனியை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் வெள்ளைப் பீங்கானையும் பாருங்கள். மேலிருந்து கீழே பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், பொறி உள்ளே போகாமல் வெளிவழியாக இறங்கியிருக்கிறது. அந்தக் கோடு ஒயரின் ரப்பர் தொப்பிக்கு உள்ளேயும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் தொப்பியில் இருக்கும் கரித்தடம் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். "புதுப் பிளக் போட்டும் சரியாகவில்லை, அப்போ எஞ்சின்தான்" என்ற தீர்ப்பு பல வண்டிகளுக்குக் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

ஒயரை மல்டிமீட்டரில் கிலோ ஓம் அளவில் வைத்து இரு முனையும் தொட்டுப் பாருங்கள். நீளமான ஒயர் கூடுதலாகக் காட்டும், அது சரிதான். வளைத்து நெளிக்கும்போது எண் தாவினாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ உள்ளே அறுந்திருக்கிறது. எலி கடித்த தடமும் இருக்கிறதா பாருங்கள். உங்கள் எஞ்சினில் காயிலின் ஒரு பாதி 1, 4-ஆம் சிலிண்டர்களுக்கும் மறு பாதி 2, 3-க்கும் பொறி கொடுக்கிறது. ஜோடியாக இரண்டு பிளக் கரி படிந்திருந்தால் காயிலைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தப் பிளக்கோ ஒயரோதான்.

வாங்கும்போது கவனம். போலிப் பிளக்கும் போலி ஒயரும் அட்டைப் பெட்டி வரை அசல்போலவே வருகின்றன. மெக்கானிக் கொண்டுவந்து மாட்டட்டும் என்று விடாதீர்கள். கடைக்கும் அவருக்கும் கணக்கு இருக்கும். மேனுவலில் உள்ள நம்பரை எழுதிக்கொண்டு, கம்பெனி டீலரிடமே ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்.ஜி.கே. கம்பெனி பிளக் நம்பரின் கடைசியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மி.மீ. என்று பொருள்; ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிபார்த்துவிட்டே மாட்ட வேண்டும். விலை உயர்ந்த இரிடியம் பிளக் வெடித்த ஒயரைக் குணப்படுத்தாது. வாஷருள்ள புதுப் பிளக்கை விரலால் உட்காரும்வரை திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று போதும்.

வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மேல் பிரஷர் தண்ணீர் அடிப்பதையும், பளபளப்புக்கு டீசல் தெளிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். ஒயரின் ரப்பரை உப்பவைத்துக் கெடுப்பதே அந்த டீசல்தான்.

எஞ்சினைப் பிரிக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு: ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல்) வழியாகக் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சிலிண்டருக்குள் கசிவது. அதன் அடையாளம் வேறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் ஒரு சிலிண்டர் அடைத்தபடி ஓடும், வெள்ளைப் புகை வரும், சூடானதும் சரியாகிவிடும். உங்களுக்கும் காலையில்தான் அதிகம் என்பதால் இதை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு ஒரு வாரம் பாருங்கள். வெளியே ஒழுகாமல் மட்டம் இறங்கினால், ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் பல ஷெட்களில் இருக்கிறது, அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்த வாயு வந்தால் அது மஞ்சளாகும். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்போதும் ரேடியேட்டரில் ஊற்றும் "லீக் அடைக்கும்" மருந்து வேண்டாம், ஹீட்டர் குழாயையும் சேர்த்து அடைத்துவிடும். மட்டம் இறங்காவிட்டால் எஞ்சின் பிரிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பற்றிக் கேட்பீர்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. பழைய வண்டிக்காரருக்கு வேறு சாதாரண பெட்ரோல் வாங்க வழி வைக்காமல் பங்க்குகளை மாற்றியது அநியாயம். ஆனால் மழைக்கும் மேட்டுக்கும் மட்டும் திக்கும் உங்கள் வண்டியில் குற்றவாளி அதுவல்ல.

ஆர்.சி. புதுப்பிப்பதற்கு "வண்டியே வர வேண்டாம், நான் முடித்துத் தருகிறேன்" என்று புரோக்கர் வருவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். மிஸ் ஆகும் எஞ்சின் எரியாத பெட்ரோலைச் சைலன்சருக்குத் தள்ளுகிறது. அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிட்டுச் சான்றிதழ் அச்சடித்துத் தரும் இடங்களை யாரும் கேட்பதில்லை என்பதால் சோதனையே சடங்காகிவிட்டது. நீங்கள் வேலையை முடித்துவிட்டு, குழாயை உள்ளே விட்டு அளக்கச் சொல்லி அந்த எண்ணை வாங்குங்கள்.

பிளக், ஒயர் மாற்றிய பின் அதே மேட்டில், ஏ.சி. போட்டு, மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக மிதித்துப் பாருங்கள். அப்போதும் திக்கினால் காயிலை மாற்றுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் டாங்கிலுள்ள பெட்ரோல் பம்ப்பின் அழுத்தத்தை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் அளந்த எண்ணை ஏற்காதீர்கள்.