இரவு ஜெபம் முடிந்ததும் போர்வைக்குள் செல்போன்

கேள்வி: நாசரேத் பக்கத்துச் சிற்றூரில் வசிக்கிறேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. மகளுக்கு மூன்றரை வயது. தினமும் இரவு ஒன்பதரை மணிக்குக் கணவர் வீடியோ அழைப்பில் வருவார்; எல்லோரும் சேர்ந்து குடும்ப ஜெபம் செய்வோம். வேதம் வாசிப்பதும் செல்போனில்தான். ஜெபம் முடிந்ததும் மகன் அதே செல்போனை எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போய்விடுகிறான். பன்னிரண்டரை மணிவரை விளையாட்டும் வீடியோவும்தான். காலை ஆறு மணிக்கு எழுப்பினால் எரிந்து விழுகிறான். தலைவலி என்கிறான். ஞாயிறு பள்ளியில் தூங்கி வழிகிறான். தண்டனையாக 119-ஆம் சங்கீதத்தை எழுத வைத்தேன். செல்போனைப் பிடுங்கிய அன்று சாப்பாட்டுத் தட்டை வீசினான். கெட்டது எதையும் பார்க்கவில்லை என்று வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அழுதானே தவிர, செய்யவில்லை. 'பிசாசின் பிடி, உபவாசக் கூட்டத்துக்கு அழைத்து வா' என்கிறார் சபையில் ஒருவர். இது வியாதியா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? மகள் இயேசு கதை கார்ட்டூன் ஓடினால்தான் சாப்பிடுகிறாள். நல்லதைத்தானே பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் இன்னும் இரண்டிரண்டு சொல்லாகத்தான் பேசுகிறாள்.

மருத்துவர் பதில்:

சகோதரி, கடிதம் முழுவதும் மகனைப் பற்றி எழுதிவிட்டு, மகளைப் போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் மகளிடமிருந்து தொடங்குகிறேன். காத்திருக்கக் கூடாதது அவளுடைய விஷயம்தான்.

மூன்றரை வயதுக் குழந்தை மூன்று நான்கு சொற்களைக் கோத்துப் பேச வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் அவள் பேச்சில் பெரும்பகுதி புரிய வேண்டும். இரண்டு சொல்லிலேயே நிற்கிறாள் என்றால் முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும். 'கார்ட்டூன் பாட்டுக்கு ஆடுகிறாளே, காது கேட்காமலா?' என்று பெற்றோர் கேட்பார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. உரத்த பாட்டு கேட்கும்; நாம் சாதாரணமாகப் பேசும் சொல்லின் மெல்லிய ஒலிகள் தேயும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதைச் சோதிக்கலாம். குழந்தையின் பேச்சும் வளர்ச்சியும் பின்தங்கினால் மதிப்பிட்டுப் பயிற்சி தருவதற்கென்றே மாவட்ட அளவில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. செல்போனால் ஆட்டிசம் வருகிறது என்று பரவும் செய்திகளைப் படித்துப் பயப்படாதீர்கள்; அது நிறுவப்படவில்லை. அதற்காக, 'செல்போனை நிறுத்தினால் பேச்சு தானாக வந்துவிடும்' என்று பரிசோதனையைத் தள்ளிப் போடவும் கூடாது.

இனி கார்ட்டூன். வேதக் கதையில் யோனாவை மீன் விழுங்கும் படமானாலும் பூனை எலியைத் துரத்தும் படமானாலும், பேசப் பழகும் மூளைக்கு இரண்டும் ஒன்றே. பேச்சு என்பது கொடுத்து வாங்குவது. குழந்தை 'மீ' என்றால் 'ஆமாம், பெரிய மீன், வாயைத் திறந்தது' என்று எதிர்ச்சொல் வர வேண்டும். திரை அதைச் செய்யாது. அவள் சொன்னதைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த வயதுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதற்கும் குறைந்தால் நல்லது என்கிறது. பக்திப் படங்களுக்கு அதில் விலக்கு இல்லை.

அந்தக் கதையை நீங்களே சொல்லுங்கள். ஞாயிறு பள்ளியில் கைவீசிப் பாடும் பாட்டுகள் உங்களுக்குத் தெரியுமே, மடியில் வைத்து மெதுவாகப் பாடுங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து ஐந்து விநாடி காத்திருங்கள். பேச்சுப் பயிற்சியாளர்களும் இப்படிக் காத்திருக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். சாப்பாட்டில் முதலில் ஒரு வேளை மட்டும் திரையை நிறுத்துங்கள். சில நாள் அழுவாள், குறைவாகச் சாப்பிடுவாள். எடை சரியாக இருக்கும் ஆரோக்கியமான குழந்தை பசியோடு நீண்ட நாள் பிடிவாதம் பிடிக்காது. பயந்துபோய் மூன்றாம் நாள் செல்போனைக் கொடுத்துவிட்டால், மூன்று நாள் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் கற்றுக்கொள்வாள்.

மகனிடம் வருகிறேன். பன்னிரண்டரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிறவனுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரத் தூக்கம். 12 வயதுவரை ஒன்பது மணி நேரமாவது தேவை. பதின்மூன்று தொடங்கிய பிறகும் எட்டுக்குக் குறையக் கூடாது. நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் கடன் வைக்கிறான். நீங்கள் எழுதியிருக்கும் எரிச்சல், தலைவலி, ஞாயிறு பள்ளித் தூக்கம் மூன்றும் அந்தக் கடனுக்கான வட்டியாகவே எனக்குப் படுகின்றன. பிசாசைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, அது உங்கள் சபைப் போதகர் ஐயரின் வேலை. ஆனால் ஐந்தரை மணி நேரத் தூக்கத்தோடு ஒரு மாதம் ஓட்டினால் நானும் தட்டை வீசுவேன்.

127-ஆம் சங்கீதத்தில் பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம் (உரிமைச் சொத்து) என்ற வசனத்தை நம் வீடுகளில் பலர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அதற்கு முந்தின வசனம் தூக்கத்தைப் பற்றியது. அதை யாரும் மாட்டுவதில்லை.

அவன் தூங்காமல் இருப்பதற்கு வெளிச்சம் ஒரு காரணம்தான். இரவில் கண்ணுக்கு அருகே ஒளி இருந்தால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய காரணம் விளையாட்டின் அமைப்பு. ஒரு வீடியோ முடிந்தவுடன் அடுத்தது தானாகத் தொடங்குகிறது. குழுவாக ஆடும் ஆட்டத்தில் நடுவில் எழுந்தால் நண்பர்கள் தோற்பார்கள். 'இதோ முடிந்துவிடும்மா' என்று அவன் சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை, அந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. ஆகவே 'எட்டு மணிக்கு வை' என்று சொல்வதைவிட, 'ஏழரைக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்காதே' என்று சொல்வது அவனால் செய்யக்கூடியது.

நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பு, அதனால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றது. அந்தப் பணத்துக்குக் கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டுப் பார்வையைச் சோதியுங்கள். தலைவலிக்குக் கிட்டப்பார்வையோ வேறு பார்வைக் குறையோகூடக் காரணமாக இருக்கலாம். பகல் வெளிச்சம் கண்ணுக்கு நல்லது என்பதற்கு நல்ல சான்று உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர், மற்றப் பள்ளிகளில் ஏறக்குறைய 40 பேர். மாலையில் கோயில் வளாகத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் ஜன்னல் கண்ணாடியைப் பற்றிப் புலம்பாமல் விடுங்கள் என்று சபைப் பெரியவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இது வியாதியா என்று கேட்டீர்கள். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்ற பெயர் உண்டு. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டம் முன்னுக்கு வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும், வழக்கமாக ஓர் ஆண்டுக்கு நீடித்து, படிப்பையும் உறவையும் குலைத்தால்தான் அந்தப் பெயர் வைப்போம். உங்கள் மகன் பள்ளிக்குப் போகிறான், ஜெபத்தில் உட்காருகிறான், ஞாயிறு பள்ளிக்கும் வருகிறான். கடிதத்தை மட்டும் வைத்து நான் அந்தப் பெயரை அவனுக்குச் சூட்ட மாட்டேன். நீங்களும் அவன் காதுபட 'அடிமை' என்று சொல்லாதீர்கள். உபவாசக் கூட்டத்துக்குப் போவது உங்கள் விருப்பம். ஆனால் தலைவலிக்காரப் பையனைப் பட்டினி போட வேண்டாம், அவன் கதையைப் பலர் முன் சொல்லி ஜெபம் கேட்கவும் வேண்டாம். 12 வயதில் அவமானம் ஆழமாகப் பதியும்.

119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். வேதாகமத்திலேயே மிக நீண்ட அதிகாரம். என் சிறுவயதில் என் தந்தை இப்படித்தான் நீதிமொழிகளில் ஓர் அதிகாரத்தை எழுத வைத்தார். இன்றும் அந்த அதிகாரம் வந்தால் விரல்தான் வலிக்கிறது. வசனத்தையும் வலியையும் மூளை சேர்த்தே முடிந்துவைக்கும். செல்போன் பரிசாகவும் வேதம் தண்டனையாகவும் இருக்கும் வீட்டில் பிள்ளை எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்ல மருத்துவர் தேவையில்லை.

சத்தியம் வாங்கியது எனக்கு வருத்தம் தந்தது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சத்தியமே பண்ணவேண்டாம் என்கிறார். அவன் செய்யாமல் அழுததை நான் நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன். பொய்ச் சத்தியம் செய்யாத மனம் அது. எதையோ பார்த்திருக்கலாம். உடலில் மாற்றம் தொடங்கும் வயது. தேடாமலே கண்ணில் படும் காலம். 'நீ என்ன பார்த்திருந்தாலும் சொல்லலாம், சொன்னதற்காகத் திட்ட மாட்டேன்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு விடுங்கள். உங்களிடம் கூச்சப்பட்டால் அப்பாவோ தாய்மாமாவோ பேசட்டும். முன்பின் தெரியாத யாராவது படம் அனுப்பச் சொன்னார்களா, பணம் கேட்டு மிரட்டினார்களா என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். அப்படி இருந்தால் அழிக்காமல் வைத்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையோ, குழந்தைகளுக்கான 1098-ஐயோ அழையுங்கள்.

உங்கள் வீட்டில் செல்போன் எதிரியல்ல. அதில்தான் அப்பா வீட்டுக்கு வருகிறார். சிறு குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிற குழந்தை மருத்துவர்கள்கூட உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு விலக்கு அளித்திருக்கிறோம். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஒன்பதரைக்குத் தொடங்கும் ஜெபம் பத்துக்கு முடிந்து, அதன் பிறகு செல்போன் இல்லாவிட்டாலும் அவனுக்கு ஒன்பது மணி நேரம் கிடைக்காது. நம் எட்டு மணி மஸ்கட்டில் மாலை ஆறரை. கணவரின் வேலைநேரம் இடம் கொடுத்தால் அழைப்பை அங்கே நகர்த்துங்கள். இடம் கொடுக்காவிட்டால் பிள்ளைகளோடு எட்டு மணிக்கு நீங்கள் ஜெபித்துவிட்டு, அப்பாவை ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் பேச வையுங்கள். வழியில் நடக்கும்போதும் பேசு என்றுதான் உபாகமம் ஆறாம் அதிகாரமும் சொல்கிறது. வாசிப்பதற்கு அச்சிட்ட வேதமும் பாமாலையும் அலமாரியிலிருந்து இறங்கட்டும்.

ஜெபம் முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களும் சமையலறையில் சார்ஜில் போகட்டும். எல்லாம் என்றால் உங்களுடையதும்தான். ஜெப நடுவில் பெண்கள் ஐக்கியக் குழுவுக்கு வசனப்படம் அனுப்பும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படியில்லை என்று நம்புகிறேன். காலையில் எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முன்னே இழுக்காமல், மூன்று நாளுக்கு ஒரு முறை இருபது நிமிடமாக நகர்த்துங்கள். எழும் நேரம் ஞாயிறன்றும் மாறக் கூடாது. பகலில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை அவனே எழுதட்டும், நீங்கள் பேரம் பேசுங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டில் புயல் இருக்கும். அவன் கத்துவதற்குப் பதில் கத்தாதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

காலையில் எழுந்ததும் வாந்தியோடு தலைவலி வந்தாலோ, தூக்கத்திலிருந்து வலி எழுப்பினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிக்குப் போக மறுத்தாலோ, பணம் காணாமல் போனாலோ, 'செத்துப்போகிறேன்' என்று விளையாட்டாகச் சொன்னாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

மகளின் செவித்திறன் பரிசோதனை இந்த வாரமே நடக்கட்டும். மகன் தூங்கும் நேரம், எழும் நேரத்தை மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்து, மகளின் பரிசோதனை அறிக்கையோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். குறிப்பதை மகனே செய்யட்டும்.