மாத்திரை தொடங்கியபின் கலோரி குறைந்ததா? கடிகாரமும் சைக்கிள் கம்ப்யூட்டரும் முரண்படுவது ஏன்?

கேள்வி: நான் ஆண்; வயது 47, எடை 76 கிலோ, உயரம் 170 செ.மீ. வாரத்தில் நான்கு நாள்கள், ஒரே பாதையில் 80 நிமிடம் சைக்கிள் ஓட்டுகிறேன். மணிக்கட்டில் ஃபிட்னஸ் கடிகாரம் கட்டியிருக்கிறேன். ஹேண்டில்பாரில் உள்ள சைக்கிள் கம்ப்யூட்டர், பெடலில் நான் செலுத்தும் திறனை அளக்கும் பவர் மீட்டருடன் இணைந்தது; சராசரியாக 125 வாட் காட்டும். ஒரே பயணத்துக்குக் கடிகாரம் 840 கலோரி என்கிறது, கம்ப்யூட்டர் 600 என்கிறது. கடிகாரத்தின் கணக்கை நம்பிச் சாப்பிட்டதில் மூன்று மாதங்களில் எடை ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. பிறகு ரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால் மாத்திரை தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. இப்போது அதே பாதையில், அதே வேகத்தில் ஓட்டினாலும் சராசரி இதயத் துடிப்பு 140-இலிருந்து 112-ஆகக் குறைந்திருக்கிறது. கடிகாரம் 520 கலோரிதான் காட்டுகிறது. கம்ப்யூட்டரின் எண் மாறவில்லை. மாத்திரையால் என் உடல் கலோரியை எரிக்கும் திறனை இழந்துவிட்டதா? மாத்திரையை நிறுத்தலாமா? எந்த எண்ணை நம்பிச் சாப்பிடுவது?

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெட்டோப்ரோலாலை நீங்களாக நிறுத்த வேண்டாம். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் முன்பைவிட வேகமாக எகிறக்கூடும். இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்து, அது இருப்பதே தெரியாமல் இருப்பவர்களுக்கு இதனால் நெஞ்சுவலியோ மாரடைப்போ வரும் ஆபத்தும் உண்டு. நிறுத்த வேண்டிய தேவை வந்தாலும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக அளவைக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். உங்கள் விஷயத்தில் அதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. குறைந்திருப்பது உங்கள் உடல் செலவிடும் ஆற்றல் அல்ல. அந்த ஆற்றலை ஊகிப்பதற்குக் கடிகாரம் நம்பியிருந்த இதயத் துடிப்புதான் குறைந்திருக்கிறது.

இரண்டு கருவிகளும் ஒரே பெயரில் எண்ணைக் காட்டுவதால் இரண்டும் ஒன்றையே அளக்கின்றன என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் இரண்டுமே கலோரியை அளப்பதில்லை. ஒருவர் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறார் என்பதை நம்பகமாக அறிய, அவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் முகமூடி பொருத்தி அளக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கிலோகலோரி செலவாகியிருக்கும். (நாம் பேச்சில் கலோரி என்பதும் கருவியின் திரையில் கலோரி என்று வருவதும் கிலோகலோரியே.) சாலையில் முகமூடியுடன் யாரும் ஓட்டுவதில்லை என்பதால், கடிகாரம் இதயத்தைக் கேட்டு ஊகிக்கிறது, பவர் மீட்டர் உள்ள கம்ப்யூட்டர் பெடலைக் கேட்டு ஊகிக்கிறது.

பெடலின் கணக்கு எளிமையானது. 125 வாட் திறனில் 80 நிமிடம், அதாவது 4,800 விநாடி ஓட்டினால், நீங்கள் சைக்கிளுக்குக் கொடுத்த வேலை 600 கிலோஜூல். இந்த எண்ணில் ஊகம் இல்லை, இது அளவீடு. ஒரு கிலோகலோரி என்பது 4.184 கிலோஜூல் என்பதால், பெடலைச் சென்றடைந்த ஆற்றல் சுமார் 143 கிலோகலோரி மட்டுமே. மனிதத் தசை செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரைதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் வெப்பமாக வெளியேறுகிறது. நான்கில் ஒரு பங்கு பெடலுக்குப் போகிறது என்று கொண்டால் மொத்தச் செலவு ஏறத்தாழ 575; ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் ஏறத்தாழ 715. இந்த இரண்டு எண்களுக்கு இடையில் எங்கோ உங்கள் உண்மையான செலவு இருக்கிறது. பல கம்ப்யூட்டர்கள் இந்த வகுத்தலையும் பெருக்கலையும் விட்டுவிட்டு, ஒரு கிலோஜூலுக்கு ஒரு கிலோகலோரி என்று அப்படியே போட்டுவிடுகின்றன. செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 24 சதவீதம் பெடலுக்குப் போனால் அது சரியாகவே பொருந்துகிறது. உங்கள் 600 அப்படி வந்ததுதான். நூறு கலோரிக்குச் சற்று மேல் பிசகினாலும், அது பிசகக்கூடிய எல்லை நமக்குத் தெரிந்த எல்லை.

கடிகாரத்தின் ஊகம் இதைவிட நீண்ட சங்கிலி. தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தால் திரும்பி வரும் ஒளி மாறுவதைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும்போதும், மணிக்கட்டு வளையும்போதும், சாலை அதிரும்போதும் இங்கேயே தவறு நுழையலாம். அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய தாவல்: இந்தத் துடிப்புக்கு இவ்வளவு ஆக்சிஜன் செலவாகியிருக்கும் என்பது. உங்கள் வயது, எடை, பாலினம் ஆகியவற்றோடு, 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்சத் துடிப்பைப் பெரும்பாலும் அது அடிப்படையாகக் கொள்கிறது. ஒரே வயதுள்ள இருவரின் உண்மையான உச்சத் துடிப்பு இந்தச் சூத்திரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு விலகியிருப்பது மிகச் சாதாரணம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு அளந்தன. ஆனால் ஆற்றல் செலவில் மிகச் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம் தவறியது. துடிப்பைச் சரியாக எண்ணியும் கலோரியில் கோட்டைவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாத்திரைக்கு முன்னர் உங்கள் கடிகாரம் ஏன் கூடுதலாகக் காட்டியது என்றால், இதயம் தசைக்காக மட்டும் துடிப்பதில்லை என்பதே பதில். வெப்பத்தில் நீண்ட நேரம் ஓட்டும்போது உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, வியர்வையால் ரத்தத்தின் கன அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. பெடலில் அதே 125 வாட் இருக்க, முதல் பத்து நிமிடத்தைவிட கடைசிப் பத்து நிமிடத்தில் துடிப்பு பத்துப் பதினைந்து கூடியிருக்கலாம். தூக்கமின்மை, மனப்பதற்றம், காய்ச்சல், காஃபின் இவையும் துடிப்பைக் கூட்டுபவையே. கடிகாரத்துக்கு இவை எல்லாமே உழைப்புதான்.

மாத்திரைக்குப் பின் நடந்தது இதன் மறுபக்கம். தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம், அந்த ரத்தத்திலிருந்து தசை உறிஞ்சும் ஆக்சிஜன் எவ்வளவு. மெட்டோப்ரோலால் முதலாவதைக் குறைக்கிறது. உங்களைப் போல மிதமான உழைப்பில் ஓட்டுபவர்களுக்கு, துடிப்புகளுக்கு இடையே இதயம் நிரம்பக் கூடுதல் நேரம் கிடைப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் கூடுகிறது. தசையும் அதே ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதே 125 வாட்டுக்கு உடல் செலவிடும் ஆக்சிஜன் ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. கடிகாரத்துக்குத் தெரிவதோ முதல் காரணி மட்டும். நீங்கள் மருந்து சாப்பிடுவது அதற்குத் தெரியாது. நீங்கள் மெதுவாக ஓட்டியதாக அது முடிவு கட்டுகிறது. பவர் மீட்டர் அதே 600 கிலோஜூலைக் காட்டுவதுதான் உங்கள் கால்கள் முன்பு செய்த வேலையை இன்றும் செய்கின்றன என்பதற்கு ஆதாரம். பீட்டா பிளாக்கர்கள் உடலின் ஓய்வு நேர ஆற்றல் செலவைச் சிறிதளவு குறைக்கக்கூடும் என்பதும், சிலருக்கு எடை ஓரளவு கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு பயணத்தில் 320 கலோரியைக் காணாமல் ஆக்கும் அளவுக்கு அந்த விளைவு பெரிதல்ல. மேலும் உங்கள் எடை கூடியது மாத்திரைக்கு முன்பு.

அந்த ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. பயணத்துக்கு 240 கலோரி கூடுதல், வாரத்துக்கு நான்கு பயணம், பன்னிரண்டு வாரம்: 11,520 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 என்று வகுத்தால் ஒன்றரைக் கிலோ. உடல் இவ்வளவு ஒழுங்காகக் கூட்டல் கணக்குப் போடுவதில்லை, எண்கள் இத்தனை அழகாகப் பொருந்தியதில் தற்செயலும் கலந்திருக்கும். ஆயினும் திசை சந்தேகத்துக்கு இடமில்லாதது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் உடல் ஆற்றலைச் செலவிடும். வயது, எடை, உயரம், பாலினம் ஆகியவற்றைக் கொண்டு இதைக் கணிக்கும் மிஃப்லின் சூத்திரப்படி உங்களுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,590, மணிக்கு 66, அந்த 80 நிமிடத்துக்கு 88 கலோரி. கம்ப்யூட்டரின் 600-க்குள் இந்த 88-ம் அடங்கியிருக்கிறது. உங்கள் அன்றாட உணவுக் கணக்கிலோ அந்த 88 ஏற்கெனவே வந்துவிட்டது. எனவே சைக்கிள் ஓட்டியதற்காகக் கூடுதலாகச் செலவானது ஏறத்தாழ 510 மட்டுமே. கடிகாரத்தில் மொத்தக் கலோரி, ஓய்வுச் செலவைக் கழித்த செயல்பாட்டுக் கலோரி என இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் 840 எது என்று பாருங்கள். அது செயல்பாட்டுக் கலோரியாக இருந்தால், கடிகாரத்தின் பிழை நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. இப்போது கடிகாரம் காட்டும் 520 இந்த 510-க்குப் பக்கத்தில் வந்திருப்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மாத்திரையின் அளவு மாறினாலோ, வெயில் ஏறினாலோ அந்த எண் மறுபடியும் நகர்ந்துவிடும்.

ஆகவே, கணக்கு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் காட்டும் கிலோஜூல் எண்ணை எடுத்துக்கொண்டு, அதில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். கடிகாரமும் கம்ப்யூட்டரும் ஒரே செயலிக்குத் தரவை அனுப்பினால் ஒரே பயணம் இருமுறை பதிவாகிறதா என்றும் கவனியுங்கள். பவர் மீட்டரை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பூஜ்ஜியப்படுத்துவது அவசியம். ஒரு காலில் மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் வகை என்றால், இரு கால்களின் பலம் சமமாக இல்லாதவர்களுக்கு அதிலும் சில சதவீதம் பிசகும். இத்தனை சொல்லியும், என் நோயாளிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எடை பார்க்கும் கருவியைத்தான்: காலையில், கழிவறை சென்று வந்தபின், வாரத்தின் ஏழு நாள் எடையின் சராசரி. மூன்று நான்கு வாரங்களில் அந்தச் சராசரி ஏறினால், எந்தத் திரை என்ன சொன்னாலும் நீங்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறீர்கள்.

இந்த அறிவுரை பவர் மீட்டர் உள்ளவர்களுக்கு. அது இல்லாத சைக்கிள் கம்ப்யூட்டர், வேகத்தையும் தூரத்தையும் எடையையும் வைத்துக் கலோரி சொல்கிறது. எதிர்க்காற்றும், இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் போவதும், இன்னொருவரின் பின்னால் ஒதுங்கி ஓட்டுவதும் அதற்குத் தெரியாது. அந்நிலையில் கடிகாரத்தைவிட அது மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி உழைப்பின் அளவைத் துடிப்பைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். கடிகாரம் நிறம் நிறமாகக் காட்டும் துடிப்பு மண்டலங்கள் மாத்திரைக்கு முந்தைய உங்களுக்கு உரியவை. பழைய 140-ஐ எட்டியே தீருவேன் என்று மிதித்தால் அளவுக்கு மீறிய உழைப்பில் போய் நிற்பீர்கள். வாட் எண்ணையும், ஓட்டும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதையும் கொண்டு அளவிடுங்கள். ஓட்டும்போது தலைசுற்றல், மயக்கம் வருவது போன்ற உணர்வு, நெஞ்சில் இறுக்கம், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு ஏற்பட்டாலோ, ஓய்வில் துடிப்பு 50-க்குக் கீழே இறங்கி அதோடு சோர்வும் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சர்க்கரை நோய்க்காக இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடலாம், வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மாத்திரைக்கு முந்தைய ஒரு பயணத்தின் பதிவையும் பிந்தைய ஒரு பயணத்தின் பதிவையும் கொண்டுபோங்கள். அதே 125 வாட்டில் துடிப்பு 140-இலிருந்து 112-ஆக இறங்கியிருக்கிறது என்பது, நீங்கள் உழைக்கும்போது இந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவருக்குக் காட்டும். நாற்காலியில் உட்கார வைத்து நாடி பார்த்து அதை அவர் அறிய முடியாது. அந்தப் பக்கத்தில் இருக்கும் கலோரி எண்ணை மட்டும் அடித்துவிடுங்கள்.