பழைய கணினிக்குப் பக்கத்துணை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கடைப் பரணில் பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினி ஒன்று கிடைத்தது. ஒரு பள்ளி ஏலத்தில் அப்பா எடுத்ததாம். உள்ளே இருக்கும் போர்டைக் கழற்றிவிட்டு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றைப் பொருத்து, பெட்டியும் கீபோர்டும் போதும் என்கிறான் நண்பன். செய்யலாமா ஐயா?
– வெள்ளிக் கொலுசு வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த கணினி இது. நான் பாடம் நடத்தியதும் இதில்தான். சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்தும் உயர்ந்தும் இரண்டு ஒலி வரும். அதைக் கேட்டதும் நாற்பது பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த ஒலியைத் தருவது நீங்கள் கழற்றப் பார்க்கும் போர்டுதான்.

ராஸ்பெர்ரி பையை உள்ளே வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். கணினியைத் திருப்பிப் பார்த்தால் முன்விளிம்பின் அடியில் பல இணைப்புகள் தெரியும். அவற்றில் 40 முள் கொண்ட ஒன்றுக்கு 'ட்யூப்' என்று பெயர். இரண்டாவது செயலியை (பிராசஸரை) சேர்ப்பதற்காகவே, இந்தக் கணினியைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனம் 1981-லேயே அதை வைத்துவிட்டது.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். முன்கடையில் ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசுகிறார். கொலுசு உருவாவது பின்பக்கப் பட்டறையில். நடுவில் ஒரு சின்ன ஜன்னல். ஆர்டர் உள்ளே போகும், சரக்கு வெளியே வரும். கீபோர்டு, திரை, ஒலி, டிஸ்க் எல்லாவற்றையும் பழைய கணினி பார்த்துக்கொள்ளும். நிரல் ஓடுவது இரண்டாவது செயலியில். அந்த ஜன்னல்தான் ட்யூப்.

இதனால் என்ன லாபம்? கணினியில் மொத்தமே 32 கிலோபைட் நினைவகம். நல்ல கிராபிக்ஸ் வேண்டுமென்று மோடு 2 என்ற திரை அமைப்புக்குப் போனால் திரைக்கே 20 போய்விடும். கணினியின் சொந்தத் தேவை போக, டிஸ்க் இல்லாவிட்டாலும் உங்கள் நிரலுக்கு எட்டரை கிலோபைட்தான் மிஞ்சும். எத்தனையோ பிள்ளைகள் 'நோ ரூம்' (இடமில்லை) என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, எழுதிய வரிகளைத் தாங்களே அழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ட்யூப் வழியாகப் போனால் திரை தன் 20-ஐ இங்கேயே வைத்துக்கொள்ளும், நிரலுக்குத் தனி நினைவகம் கிடைக்கும். வேகமும் பல மடங்கு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் ராஸ்பெர்ரி பையின் உள்ளே இருப்பது ஏஆர்எம் செயலி. அதன் முதல் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று உயிர்பெற்றபோது, ஒரு பிபிசி மைக்ரோவின் ட்யூபில் இரண்டாவது செயலியாகத்தான் இணைக்கப்பட்டிருந்தது. நீங்கள் சேர்த்து வைக்கப்போவது பேரனையும் தாத்தாவையும்.

'பைட்யூப்டைரக்ட்' என்ற இலவச மென்பொருளை எஸ்டி கார்டில் ஏற்றிக்கொண்டால் பை அந்த இரண்டாவது செயலியாக மாறிவிடும். வழக்கமாகப் பையில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் இதில் ஓடாது. பழைய கணினி 2 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. அரை மைக்ரோ நொடிக்குள் பதில் வைத்தாக வேண்டும். பத்து வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் லினக்ஸால் அந்த நேரத்துக்குள் வர முடியாது. அதனால் மென்பொருள் நேரடியாகச் சிப்பின் மேலேயே ஓடுகிறது.

நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகை கட்டாயம் வேண்டும். பழையது 5 வோல்ட், பையின் முள்கள் 3.3 வோல்ட். அவசரத்தில் நேரடியாக வயர் கொடுத்து ஒரு பையை நான் இழந்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பரணில் கிடந்ததை அப்படியே பிளக்கில் செருகாதீர்கள். பவர் சப்ளையில் மின்னிரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்களின் மேலுறை இத்தனை வருஷத்தில் வெடித்து ஈரம் இறங்கியிருக்கும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் புகை கிளம்பும். நல்ல டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து, எக்ஸ்2 வகையில் புதிது போடச் சொல்லுங்கள். செலவு அதிகம் ஆகாது.

கேள்வி: என் பிபிசி மைக்ரோவை சீரியல் போர்ட் வழியாக லினக்ஸ் ஓடும் பையுடன் இணைத்து, டெர்மினலாக, அதாவது பைக்குக் கீபோர்டும் திரையுமாக, பயன்படுத்துகிறேன். திரை மேலே நகரும்போது எழுத்துகள் விட்டுப்போகின்றன. ஏன்?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: லினக்ஸுக்கு ஏற்ற வழி இதுதான் அம்மா, சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். திரையை நகர்த்தும் நேரத்தில் கணினியால் வருவதை வாங்க முடியவில்லை. 'கொஞ்சம் நில்' என்று அது ஆர்டிஎஸ் கம்பி வழியாகச் சொல்கிறது. உங்கள் கேபிளில் மூன்று கம்பிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்டிஎஸ், அதன் ஜோடியான சிடிஎஸ் இரண்டையும் சேர்த்து ஐந்தாக்குங்கள், லினக்ஸ் பக்கமும் அந்தக் கட்டுப்பாட்டை இயக்குங்கள். வேகம் நொடிக்கு 9600 பிட் போதும்: பழைய கணினியில் *எஃப்எக்ஸ் 7,7 அப்புறம் *எஃப்எக்ஸ் 8,7 என்று தட்டுங்கள். ஒன்றுமே வராவிட்டால் பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். அந்த ஐந்து முள் பிளக் தலைகீழாகவும் நுழைந்துவிடும். பையின் முள்களில் நேரடியாகக் கொடுக்காமல் யூஎஸ்பி சீரியல் கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப் பனிக்கு சிப் சாக்கெட்டுகள் கறுத்துப்போகும். கணினி ஒரு நாள் ஓடி ஒரு நாள் மக்கர் செய்தால், கரண்ட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சிப்பையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

கேள்வி: பழைய கணினியைப் பட்டென்று அணைக்கிறோம். பையையும் அப்படி அணைக்கலாமா?
– விசைத்தறி உரிமையாளர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: ட்யூபில் லினக்ஸ் இல்லாமல் ஓடும் பை என்றால் கவலையில்லை, அணைக்கலாம். லினக்ஸ் ஓடினால் கூடாது. எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடலாம். ஓர் இடிமழை இரவில் என் கார்டு அப்படித்தான் போனது, மாணவர்களின் பழைய நிரல்களும் கூடவே போயின. பையின் அமைப்புப் பட்டியலில் 'ஓவர்லே' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது. சேமிக்க வேண்டியவற்றுக்குத் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்து, வாரம் ஒருமுறை இன்னொரு நகலும் எடுத்துவிடுங்கள்.